கற்றாழைச் சோறும் தோலின் ஈரமும்
நடுமுன் விவசாயிகள் அறிய வேண்டியவை

கற்றாழையை அறியாத விவசாயி நம் ஊர்ப் பக்கம் இல்லை. வேலி ஓரத்திலும் வரப்பு மேட்டிலும் யாரும் நடாமலே வளர்ந்து கிடக்கும். பல வீடுகளில் திருஷ்டிக்காக வேரோடு பிடுங்கி வாசற்படிக்கு மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் அந்தச் செடி மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். சில வேளை புதிய குருத்துக்கூட விடும்.

இது எப்படி முடிகிறது? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நெல், கம்பு போன்ற பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கின்றன. அப்போது வெயிலில் ஏராளமான நீர் ஆவியாகிப் போகிறது. கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. இரண்டாவது, இலைக்குள் இருக்கும் சோறு போன்ற வழுவழுப்பான பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த வழுவழுப்புதான் இன்று முகத்துக்குப் பூசும் களிம்பு, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு முதலியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் தேடும் சரக்கு.

"சார், கற்றாழை போடலாமா? நல்ல விலை கிடைக்கும் என்கிறார்களே" என்று பயிற்சிக்கு வரும் விவசாயிகள் அடிக்கடி கேட்கிறார்கள். போடலாம், போட வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடை கூற முடியாது. தொழிற்சாலை விலை கொடுப்பது இலைக்கு அல்ல, இலைக்குள் உள்ள ஒரு பொருளுக்கு. அந்தப் பொருள் எது, அது எப்படிக் கெடுகிறது என்பது தெரிந்தால், போடலாமா என்ற கேள்விக்கு விவசாயியே விடை கண்டுகொள்ளலாம்.

வழுவழுப்பு என்பது என்ன?

நாம் உண்ணும் அரிசியில் உள்ள மாவுப்பொருள், பருத்திப் பஞ்சில் உள்ள நார்ப்பொருள், வெண்டைக்காயின் கொழகொழப்பு, ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பு ஆகிய எல்லாமே ஒரே குடும்பம். சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக அமைந்தவை இவை. இவற்றை விஞ்ஞானிகள் பாலிசாக்கரைடுகள் என்பர். தமிழில் கூட்டுச் சர்க்கரை எனலாம். கூட்டுச் சர்க்கரை என்றாலும் நாவில் இனிக்காது.

எந்தச் சர்க்கரை, எந்த வகையில் கோக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். பஞ்சின் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. எனவே நீரில் கரைவதில்லை. கற்றாழைச் சோற்றில் உள்ள சங்கிலி பெரும்பாலும் மேனோஸ் என்னும் சர்க்கரையால் ஆனது. அதில் ஆங்காங்கே அசிட்டைல் என்னும் சிறு தொகுதிகள் ஒட்டியிருப்பதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. இடையே நீர் புகுந்து தங்குகிறது. இதற்கு அசெமன்னான் என்று பெயர். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு கொழகொழப்பு.

தோலின் மேல் என்ன செய்கிறது?

நம் தோலின் மேற்பரப்பு இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய ஒரு மெல்லிய படலம். இதில் ஓரளவு ஈரம் இருந்தால்தான் தோல் மிருதுவாக வளைந்து கொடுக்கும். ஈரம் சுமார் 10 சதத்துக்குக் கீழே போனால் சொரசொரப்பாகிச் செதில் உதிரும், பிறகு வெடிக்கும். களிமண் வயல் காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் போன்றதே இது. நாள் முழுவதும் சேற்றிலும் வெயிலிலும் நிற்கும் விவசாயியின் குதிகாலில் வரும் பித்தவெடிப்பு இந்த வகைதான்.

நிலத்தின் ஈரத்தைக் காக்க நாம் இரண்டு வேலைகள் செய்கிறோம். தொழுவுரம் இட்டு மண்ணுக்கு நீரைப் பிடித்து வைக்கும் சக்தியை ஊட்டுகிறோம். சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்கு இட்டு ஆவியாவதைத் தடுக்கிறோம். தோலுக்கும் இவ்விரண்டு வேலைகளே தேவை. கற்றாழைச் சோற்றின் கூட்டுச் சர்க்கரை, தொழுவுரத்தைப் போல நீரைப் பிடித்து வைக்கிறது; உலரும்போது ஒரு மெல்லிய ஏடாகவும் படிகிறது. ஆனால் அந்த ஏடு மட்டும் போதுமான மூடாக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவையே நல்ல மூடாக்கு. எனவேதான் களிம்பு செய்பவர்கள் ஈரம் பிடிக்கும் பொருளையும் எண்ணெய்ப் பொருளையும் சேர்த்தே கலக்கின்றனர்.

கற்றாழைச் சோறு ஈரப்பசை தரும். எரிச்சலைச் சற்றுத் தணிக்கும். அதற்கு மேல் தோலை வெள்ளையாக்கும், சுருக்கத்தை நீக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்வதை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

இலையின் மூன்று பகுதிகள்

ஒரு முற்றிய இலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மூன்று பகுதிகள் தெரியும்.

வெளியே பச்சைத் தோல். அதை ஒட்டி உட்புறத்தில் மஞ்சள் பால் கசியும் நாளங்கள். நடுவில் கண்ணாடி போன்ற சோறு.

மஞ்சள் பாலில் அலோயின் என்னும் கசப்புப் பொருள் உள்ளது. இது கடும் பேதி உண்டாக்கும். இதைக் காய்ச்சி உலர்த்தியதே நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு ஏற்படும். அமெரிக்க அரசு 2002-ம் ஆண்டில் இந்தப் பாலைக் கொண்டு செய்த பேதி மருந்துகளை மருத்துவர் சீட்டின்றிக் கடைகளில் விற்பதை நிறுத்தியது. பால் நீக்காமல் முழு இலையிலிருந்து எடுத்த சாற்றை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் சேர்த்துள்ளது. எனவே சோற்றை எடுக்கும்போது மஞ்சள் பால் கலக்காமல் பார்ப்பது முதல் விதி. வாங்குவோரும் இதைச் சோதித்தே எடுக்கின்றனர்.

அறுத்த இலை காத்திருக்காது

இதுதான் விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி.

இலையை அறுத்தவுடன் அதில் உள்ள நொதிகள் கூட்டுச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டத் தொடங்குகின்றன. காயத்தின் வழியாக நுண்ணுயிர்களும் புகுகின்றன. வெயிலும் வெப்பமும் இந்த வேலையை விரைவுபடுத்தும். இலையின் வெளித்தோற்றத்தில் மாற்றம் இராது. மூன்றாம் நாளும் பச்சையாகவே தோன்றும். ஆனால் உள்ளே சங்கிலி துண்டு துண்டாகிவிடும். துண்டான சங்கிலி நீரை முன்போல் பிடித்து வைக்காது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலையில் அறுத்த இலையின் சோற்றை நன்றாகக் கடைந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றுங்கள். கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக இழுக்கும். அதை அப்படியே வைத்து மறுநாள் தூக்கிப் பாருங்கள். நூல் இழுப்பது குறைந்து, தண்ணீர் போல ஒழுகும். நிறமும் மாறத் தொடங்கியிருக்கும். இந்த இழுவைதான் தொழிற்சாலைக்குத் தேவை. அது போனால் விலையும் போயிற்று.

இதனால்தான் அறுத்த இலையைச் சில மணி நேரத்துக்குள், பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்குள், பக்குவம் செய்ய வேண்டும் என்கின்றனர். முடியாவிட்டால் குளிர் அறையில் வைத்தல் வேண்டும். அதிக வெப்பத்தில் நெடுநேரம் காய்ச்சினாலும் சரக்கு கெடும். அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிர்பட்டுப் புண்ணான தோலுக்குக் கற்றாழை பயன்பட்டதாக 1935-ல் இரு மருத்துவர்கள் எழுதினர். அவர்கள் பயன்படுத்தியதும் புதிதாக அறுத்த இலையைத்தான். சாற்றைக் கெடாமல் நிலைப்படுத்தும் முறைகள் வந்த பிறகே கற்றாழை பெரிய தொழிலாக வளர்ந்தது.

1 டன் இலையில் எவ்வளவு சரக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 டன் இலையில் தோலையும் பாலையும் நீக்கினால் ஏறத்தாழ பாதி, அதாவது 500 கிலோ சோறு கிடைக்கும் என்று கொள்வோம். சோற்றில் சுமார் 99 சதம் தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் அரை முதல் 1 சதம், அதாவது 2.5 முதல் 5 கிலோ. அதில் ஏறத்தாழ பாதிதான் கூட்டுச் சர்க்கரை. ஆக, 1 டன் இலையில் நாம் விற்கும் உண்மையான சரக்கு ஒன்றேகால் முதல் இரண்டரைக் கிலோ மட்டுமே.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கற்றாழையைத் தொலைதூரத்துக்கு லாரியில் அனுப்புவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும். ஆகையால் ஆலை வயலுக்குப் பக்கத்தில் இருந்தாலொழிய கட்டுப்படியாகாது. இரண்டு, 200 கிலோ சோற்றிலிருந்து 1 கிலோ பொடி என்ற அளவில் விற்கப்படும் கற்றாழைப் பொடியின் விலையைப் பார்த்து இலையின் விலையை மதிப்பிடக் கூடாது. இடையில் ஆலை, எரிபொருள், சோதனைச் செலவு எல்லாம் இருக்கின்றன. "கிலோ பல ஆயிரம் ரூபாய்" என்று யாராவது சொன்னால், அது பொடியின் விலையா, இலையின் விலையா என்று உடனே கேளுங்கள்.

நான் கற்ற பாடம்

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், விரிவாக்கப் பணியில் நான் புதிதாக இருந்தபோது, வறண்ட வட்டாரம் ஒன்றில் கற்றாழைச் சாகுபடி பற்றி ஒரு பயிற்சி நடத்தினேன். மண், இடைவெளி, உரம், நோய் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அதே சமயத்தில் ஒரு நிறுவனம் அங்கே வந்து பக்கக் கன்றுகளை விற்றது. அறுவடையைத் தானே வாங்கிக்கொள்வதாக முத்திரைத் தாளில் எழுதியும் கொடுத்தது. கிணறு உள்ள ஒரு சிறு விவசாயி ஒன்றரை ஏக்கர் நட்டார். பயிர் மிக அருமையாக வந்தது. நானே போய்ப் படம் எடுத்தேன்.

அறுவடை நாளில் நிறுவனத்தின் வண்டி வரவில்லை. இலைகளை அறுத்து வேப்பமரத்தடியில் அடுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் அவரே லாரி பேசி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டுபோனார். அங்கே சோற்றைச் சோதித்து, இழுவை போதவில்லை என்று முழு லோடையும் தள்ளிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் "தரம் இருந்தால் வாங்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. எது தரம், எங்கே எப்போது சோதிப்பது என்று ஒரு வரியும் இல்லை. இலைக்குப் பணம் இல்லை என்பதோடு லாரி வாடகையும் அவர் கையை விட்டுப் போயிற்று.

பிறகு அவரைப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "எப்படி நடணும்னு நல்லாச் சொன்னீங்க சார். அறுத்த அன்னிக்கே போய்ச் சேரணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம். எனக்கு அது தெரியும். புத்தகத்தில் படித்திருந்தேன். அது தொழிற்சாலைக்காரர் கவலை, விவசாயிக்கு எதற்கு என்று எண்ணி விட்டுவிட்டேன். அன்று முதல் கற்றாழை பற்றிப் பேசும்போது அறுவடைக்குப் பின் நடப்பதையே முதலில் சொல்லுகிறேன்.

அந்த விவசாயி ஒரு ஏக்கரை உழுதுவிட்டுச் சோளம் விதைத்தார். அரை ஏக்கர் கற்றாழையை மட்டும் வைத்துக்கொண்டார். அருகிலுள்ள நகரத்தில் காலையில் மோருடன் கற்றாழைச் சாறு விற்கும் கடைகளுக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் தேவைக்குத் தக்கவாறு அறுத்துக் கொடுத்தார். பெரிய லாபம் இல்லை. ஆனால் நட்டமும் இல்லை.

நடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஆலை எவ்வளவு தூரம்? அறுத்த 6 மணி நேரத்துக்குள் இலை போய்ச் சேருமா?

2. அறுவடை நாளை யார் குறிப்பது? வண்டி யாருடையது? வராவிட்டால் இழப்பு யாருக்கு?

3. தரம் என்றால் என்ன? இலையின் நீளம், எடை, சோற்றின் இழுவை ஆகியவை எண்ணால் எழுதப்பட்டுள்ளனவா? சோதனை வயலிலா, ஆலையிலா?

4. நிறுவனத்தின் வருமானம் கன்று விற்பதில் இருக்கிறதா, இலை வாங்குவதில் இருக்கிறதா? கன்றை அதிக விலைக்கு விற்பவர் இலையை வாங்காவிட்டாலும் அவருக்கு நட்டம் இல்லை. முன்பு அவரிடம் இரண்டு, மூன்று அறுவடை விற்ற விவசாயி யாராவது உண்டா? இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

5. அவர் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்?

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாங்குபவரும் விவசாயியும் செய்யும் ஒப்பந்தத்தை அரசு அலுவலரிடம் பதிவு செய்ய அதில் இடம் உண்டு. வாய்ச்சொல்லையும் வெறும் முத்திரைத் தாளையும் நம்பாமல், பதிவு பற்றி வேளாண் விற்பனைத் துறை அலுவலரிடம் கேட்டறிந்து செயல்படுதல் நலம். இந்த ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்த பின் கீழ்க்கண்டவாறு சாகுபடியைத் தொடங்கலாம்.

சாகுபடி முறை

மண்: வடிகால் வசதியுள்ள மணல் பாங்கான நிலம், செம்மண், சரளை நிலம் ஏற்றவை. நீர் தேங்கும் களிமண் கூடாது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் போன்ற வறண்ட பகுதிகளின் தட்பவெப்பம் இதற்கு உகந்தது.

நடவு: ஜூன் - ஜூலை அல்லது செப்டம்பர் - அக்டோபர் மாதங்களில் நடலாம். தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுகளை ஒரே அளவினதாகத் தேர்ந்தெடுத்து, வேர்ப்பகுதியின் ஈரம் சற்று உலர்ந்த பின் நடவேண்டும். 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 7,000 கன்றுகள் பிடிக்கும். பார் அமைத்து நட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகாது.

உரம்: கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் தொழுவுரம் இடவேண்டும். மேற்கொண்டு உரம் தேவையா என்பதை மண் பரிசோதனைப்படி முடிவு செய்க.

நீர்ப்பாசனம்: மானாவாரியாகவும் வளரும். கோடையில் மாதம் இரண்டு முறை நீர் கிடைத்தால் இலை தடிக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்துக. நீர் ஏறிய இலை எடை காட்டும். ஆனால் சோற்றில் திடப்பொருளின் விகிதம் குறையும். கன மழை பெய்த மறுநாளும் அறுப்பதைத் தவிர்த்தல் நல்லது.

பயிர்ப் பாதுகாப்பு: நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும், வடிகாலே இதற்கு மருந்து. மாவுப்பூச்சி தென்பட்டால் அந்த இலையை உடனே நீக்கி அழிக்கவும். சோறு மனிதர் தோலில் பூசப்படுவது, பலர் உண்பதும் உண்டு. எனவே பூச்சிமருந்து எச்சம் இருந்தால் வாங்குவோர் தள்ளிவிடுவர். ரசாயன மருந்தைத் தவிர்ப்பதே இலாபம்.

அறுவடை: நட்ட 8 முதல் 12 மாதங்களில் முதல் அறுவடை வரும். வெளிச்சுற்றிலுள்ள முற்றிய இலைகளை மட்டும், செடிக்கு மூன்று நான்கு வீதம் எடுக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. அதிகாலையில் அறுத்து, இலையின் அடிப்பாகத்தைப் பிளக்காமல் வெட்டி, அடி கீழ்நோக்கி இருக்குமாறு நிழலில் சிறிது நேரம் நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிடுக. கூடைகளில் நசுங்காமல் அடுக்கி, ஈரச் சாக்கால் வெயில் படாமல் மூடி அனுப்புக. குவியலாகக் கொட்டி மிதித்து ஏற்றினால் காயம்பட்ட இடத்திலெல்லாம் கெடுதல் தொடங்கும்.

ஏக்கரில் 6,000 செடிகள் நன்றாக வந்து, செடிக்கு 3 இலை, இலைக்கு 400 கிராம் என்று வைத்தால் ஓர் அறுவடைக்கு 7,200 கிலோ வருகிறது. இவ்வளவையும் ஒரே நாளில் வாங்க ஆள் இல்லையெனில், செடிமேல் இருக்கும் இலையே சிறந்த கிடங்கு. தேவைக்குத் தக்கபடி பகுதி பகுதியாக அறுக்கவும். முற்றிய இலை செடியில் சில வாரம் கூடுதலாக இருந்தால் கெட்டுவிடாது. அறுத்துக் குவித்தால்தான் கெடும்.

உலர்ந்த சரக்கு தரும் பயிர்கள்

ஈரம் காக்கும் கூட்டுச் சர்க்கரை கற்றாழையில் மட்டும் இல்லை. கொத்தவரை விதை, வெந்தயம், புளியங்கொட்டை ஆகியவற்றின் பருப்பிலும் உண்டு. கொத்தவரைப் பிசின் ஷாம்பு, களிம்பு, உணவுப் பண்டங்கள் எனப் பலவற்றில் சேர்கிறது. புளியங்கொட்டைப் பருப்பு மாவு நெடுங்காலமாக நூலுக்குக் கஞ்சி போடப் பயன்பட்டு வந்தது. இப்போது கண்மருந்திலும் தோல் களிம்பிலும் அதன் சாரம் சேர்க்கப்படுகிறது. இராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரகீனனும் இதே இனம்.

இவற்றுக்கும் கற்றாழைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. இவை உலர்ந்த சரக்குகள். விதையாகவோ உலர்ந்த பாசியாகவோ மூட்டை கட்டி வைத்து, விலை வரும்போது விற்கலாம். கற்றாழைக்கு அந்த வசதி இல்லை. ஆலை அருகில் இல்லாத ஊர்களில் சிறு விவசாயி இந்த வேற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் உலர்ந்த சரக்குக்கும் விலை நிலையானது அல்ல. அமெரிக்காவில் எரிவாயுக் கிணறு தோண்டக் கொத்தவரைப் பிசின் ஏராளமாகத் தேவைப்பட்டதால் 2012-ல் இராஜஸ்தானில் அதன் விதை விலை வானளாவ ஏறியது. அதைப் பார்த்துப் பலரும் விதைத்தனர். பின் விலை சரிந்தது. ஆகவே எந்தப் பயிரானாலும் முழு நிலத்தையும் ஒரே புதிய பயிருக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குப் பயன்

விற்பனை எப்படியானாலும், வீட்டுக்குப் பின்புறம் நான்கு செடி இருப்பது எல்லோருக்கும் நல்லது. குதிகால் வெடிப்புக்குப் பயன்படுத்தும் முறை:

முற்றிய இலை ஒன்றை அறுத்து, அடிப்பாகம் கீழே இருக்குமாறு 15 நிமிடம் சாய்த்து வைத்து மஞ்சள் பால் முழுவதும் வடியவிடவும். தோலைச் சீவி, சோற்றை எடுத்து, கசப்பும் மஞ்சள் நிறமும் போகும் வரை நல்ல நீரில் பலமுறை கழுவவும். இரவில் படுக்குமுன் காலை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே சோற்றைத் தடவவும். அது காய்ந்து வரும் தறுவாயில் மேலே தேங்காய் எண்ணெய் பூசவும். முதலில் ஈரம், பிறகு மூடாக்கு என்ற முறை மாறக் கூடாது. தொடர்ந்து செய்து வந்தால் தோல் மிருதுவாகி வெடிப்பின் கடுமை குறையும்.

சிலருக்குக் கற்றாழை ஒத்துக்கொள்வதில்லை. முதல் முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையெனில் மட்டும் பயன்படுத்துக. வெடிப்பில் இரத்தம் கசிந்தாலும் சீழ் வைத்தாலும் தடவ வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் எந்தப் புண் வந்தாலும் கைவைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். எடுத்த சோற்றைச் சேமித்து வைக்காமல் அன்றன்றே பயன்படுத்துக.

மகளிர் குழுக்கள் கற்றாழைச் சோப்பு, களிம்பு செய்து விற்க விரும்புவது வரவேற்கத்தக்கது. ஆனால் விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும். இதற்கு 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் உள்ளன. பாட்டிலில் அடைக்கும் சோறு கெடாமலிருக்கத் தக்க பாதுகாப்புப் பொருள் சேர்க்க வேண்டும். அதை முறையாகப் பயிற்சி பெற்ற பின்பே செய்தல் வேண்டும்.

முடிவாக, கற்றாழை மோசமான பயிர் அல்ல. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு அதிகம் தீண்டாது, ஒரு முறை நட்டால் நான்கைந்து ஆண்டு பலன் தரும். ஆனால் பாலைப் போல அன்றே விற்றாக வேண்டிய சரக்கு அது. கறவை மாடு வாங்குமுன் பால் ஊற்ற எங்கே போவது என்று பார்க்காதவர் உண்டா? அதுபோலக் கன்று வாங்குமுன், அறுத்த இலை அன்று மாலைக்குள் எங்கே போகும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருப்பின் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலைத் துறை அலுவலரையோ அணுகிக் கேளுங்கள். ஒப்பந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே.